குழுமத்தில் பேச்சு அடங்கிவிட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இணையத்தில் ஒரு குழுமம் நடத்துகிறீர்கள். மாடித்தோட்டம், லினக்ஸ், பழைய நாணயம், கர்நாடக சங்கீதம் என்று எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். முன்பெல்லாம் காலையில் திறந்தால் படித்து முடிக்க முடியாத அளவு இழைகள் (ஒரு பதிவும் அதற்கு வரும் பதில்களும்) ஓடும். இப்போது மூன்று நாளுக்கு முன் வந்த கேள்வி அப்படியே கிடக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் உடனே பரிசுப் போட்டி அறிவிக்கிறார்கள், அல்லது மென்பொருளை மாற்றுகிறார்கள். இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் எதை மாற்றினாலும் இருக்கும் ஆட்களுக்குத்தான் தொந்தரவு.

கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்: புதிதாக வந்த ஒருவர் முதல் முறை எழுதும்போது அவருக்கு என்ன கிடைக்கிறது? மற்ற அறிகுறிகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இருந்தாலும் வரிசையாகப் பார்ப்போம். நான் மட்டுறுத்தலில், அதாவது பதிவுகளை மேற்பார்த்து ஒழுங்குபடுத்தும் வேலையில், உதவுவது ஒரு மாடித்தோட்டக் குழுமத்தில் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

முதலில்: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

எங்கள் குழுமத்தில் ஆடிப்பட்டம் நெருங்கும்போது விதை, மண் கலவை, செடி வளர்க்கும் குரோ பேக் பை என்று பேச்சு ஏறும். கத்திரி வெயிலில் செடியோடு சேர்ந்து பேச்சும் வாடும். மே மாதத்தை ஜூலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குழுமம் செத்துப்போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாணவர்கள் அதிகம் உள்ள குழுமம் என்றால் பொதுத்தேர்வு மாதங்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை ஏமாற்றும். நாலு பேர் தினமும் காலை வணக்கப் படம் போட்டால் அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மாதம் மூன்றே எண்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இந்த மாதம் முதல் முறையாக எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒரு பதில்கூட இல்லாமல் கிடக்கும் கேள்விகள் எத்தனை? பதில் சொன்ன வெவ்வேறு ஆட்கள் எத்தனை பேர்? எந்த எண் சரிகிறது என்பதை வைத்துக் கீழே எந்தப் பகுதிக்குப் போவது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரே வாரத்தில் சடாரென்று விழுந்துவிட்டது

மனிதர்கள் இப்படிச் சேர்ந்தாற்போல் கிளம்பிப் போவது அபூர்வம். முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படுங்கள்.

குழுமம் அனுப்பும் அறிவிப்பு மின்னஞ்சல்கள் போய்ச் சேர்கின்றனவா? 'உங்கள் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது' என்ற ஒரு வரி அஞ்சல்தான் பாதிப் பேரைத் திரும்ப அழைத்து வருகிறது. அது ஸ்பேமுக்குப் போக ஆரம்பித்தால் யாரும் உங்களிடம் வந்து புகார் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் அனுப்புநர் விதிகளை இறுக்கியிருக்கிறது. அஞ்சல் உண்மையிலேயே உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப் (SPF), டி.கே.ஐ.எம் (DKIM) ஆகிய சரிபார்ப்புகள் இல்லாத டொமைனிலிருந்து (தள முகவரியிலிருந்து) வரும் அஞ்சல் தடுக்கப்படலாம், ஸ்பேமிலும் விழலாம். சோதிப்பது எளிது. உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஓர் அறிவிப்பு வரும்படி செய்து, அந்த அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு சரிபார்ப்புக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் டொமைன் அமைப்பில் அந்தப் பதிவுகளைச் சேர்க்க வேண்டும். ஹோஸ்டிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

அடுத்து, நீங்களே ஒரு புதிய மின்னஞ்சலில் புதிய கணக்கு தொடங்கிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா படம் திரையில் பாதிதான் தெரிகிறதா? சரிபார்ப்பு அஞ்சல் வருகிறதா? முதல் பதிவு 'மட்டுறுத்துநர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று நிற்கிறதா? நின்றால், அந்த வரிசையைக் கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள் என்று தேடுங்கள். பொறுப்பில் இருந்தவர் எப்போதோ விலகியிருப்பார், பதிவுகள் மாதக்கணக்கில் உள்ளே அடைந்து கிடக்கும்.

இரண்டும் சரியாக இருக்கிறது, ஆனால் அந்த வாரம்தான் தளத்தின் தோற்றத்தையோ விதியையோ மாற்றினீர்கள் என்றால் காரணம் கையிலேயே இருக்கிறது. 2010 ஆகஸ்டில், செய்திச் சுட்டிகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் (Digg) தளம் நான்காம் பதிப்பு என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியது. பழகிய வசதிகள் பல காணாமல் போயின. கோபப்பட்ட பயனர்கள் கூட்டமாக, அதே மாதிரியான ரெட்டிட் தளத்துக்குப் போனார்கள். டிக் அதன் பிறகு எழவில்லை, 2012-இல் சொற்ப விலைக்குக் கைமாறியது. மாற்றத்தைத் திரும்பப் பெற முடிந்தால் அந்த வாரத்திலேயே திரும்பப் பெறுங்கள். 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று காத்திருப்பதற்குள் ஆட்கள் வேறு இடத்தில் பழகிவிடுவார்கள்.

அறிகுறி: புதியவர்கள் ஒரு முறை எழுதுகிறார்கள், பிறகு காணோம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்த முப்பது பேரின் முதல் பதிவையும் அதற்கு வந்த பதில்களையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து படியுங்கள். இந்த மாதிரி ஓர் இழை கட்டாயம் கிடைக்கும்.

ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேட்கிறார்: "கத்தரிச் செடி நல்லா பூ வெக்குது சார், ஆனா காய் பிடிக்காம எல்லாம் கொட்டிடுது, என்ன பண்றது?" முதல் பதில்: "தமிழில் எழுதவும்." இரண்டாவது பதில்: "இது ஏற்கெனவே பலமுறை பேசப்பட்டது, தேடிப் பார்க்கவும்." அடுத்து மட்டுறுத்துநர் வந்து, "பூச்சி, நோய் பகுதிக்கு மாற்றப்பட்டது" என்று போட்டு இழையைப் பூட்டுகிறார்.

யாரும் திட்டவில்லை. மூன்று பேரும் குழும விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். ஆனால் கேட்டவருக்குக் கிடைத்தது மூன்று 'இல்லை'. கத்தரிப் பூ இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் யூடியூப் பக்கம் போய்விட்டார், இனி வரமாட்டார்.

அதே கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "வாங்க. பூ கொட்டுறதுக்குக் கடும் வெயில், தண்ணீர் சீரா விடாதது, தழைச்சத்து கூடிப்போனதுன்னு பல காரணம் இருக்கு. பை என்ன அளவு? எத்தனை மணி நேரம் வெயில் விழுது? ஒரு பூவைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்க. நடுவில் இருக்கும் சூல்தண்டு குட்டையா இருந்தா அந்தப் பூ காய்க்காது, அது இயல்புதான். நீளமா இருக்கிற பூவும் கொட்டினா அப்புறம் பார்க்கலாம்."

இதில் முக்கியமான விஷயம் அந்தக் கேள்விகள். கேள்வி கேட்டால் வந்தவர் இரண்டாம் முறை எழுதியாக வேண்டும். மாடிக்குப் போய்ப் பூவைப் பார்ப்பார், படம் எடுப்பார், போடுவார். இரண்டாவது பதிவு எழுதியவர் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் முதல் பதிலில் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்பதை நான் கட்டாயமாகவே வைப்பேன். பழைய இழையின் சுட்டி தரலாம், தப்பில்லை. பதில் சொன்ன பிறகு தர வேண்டும்.

இது சின்னக் குழுமங்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாகத் தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் 51,000-ஐத் தாண்டி உச்சம் தொட்டது. 2013 வாக்கில் 31,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆராய்ந்தவர்கள் முக்கியமாகச் சுட்டியது புதியவர்களை நடத்திய விதத்தை. விஷமத் தொகுப்புகளைப் பிடிக்க உருவாக்கிய தானியங்கிக் கருவிகள், நல்ல எண்ணத்தோடு தப்பும் தவறுமாகத் தொகுத்த புதியவர்களின் வேலையையும் நொடியில் அழித்துவிட்டு, ஆயத்த எச்சரிக்கை ஒன்றை ஒட்டிவிட்டுப் போயின. தரம் காக்கப்பட்டது, ஆள் வரத்து நின்றது. 2012-இல் புதியவர்கள் கூச்சமில்லாமல் கேட்பதற்கென்றே 'டீஹவுஸ்' என்ற இடத்தைத் திறந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த வேலையை ஒத்தாசைப் பக்கம் செய்கிறது.

உங்கள் குழுமத்தில் இரண்டு மூன்று பேரிடம் முறை வைத்து இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு நாளுக்குள் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். தானியங்கி வரவேற்பு மடல் இதில் சேராது. பிரிவு மாற்றுவது, தலைப்பைத் திருத்துவது எல்லாம் அவருக்குப் பதில் கிடைத்த பிறகு சத்தமில்லாமல் செய்தால் போதும்.

தமிழில் எழுதச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் உரையாட வேண்டும் என்ற ஆசை எனக்கும் பலமாக உண்டு. ஆனால் முதல் பதிவில் அந்த விதியை எடுத்து நீட்டக் கூடாது. பதிலைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று முறை வந்துபோன பிறகு, போனில் குரல் வழியாகவே தமிழில் தட்டச்சலாம் என்று காட்டிக் கொடுங்கள். பலருக்கு அது தெரியாது, தெரிந்ததும் சந்தோஷமாக மாறிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: கேள்விகள் வருகின்றன, பதில்தான் இல்லை

இங்கே புதியவர்களை விட்டுவிட்டுப் பழையவர்களைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் யார் அதிகம் பதில் சொன்னார்கள்? அவர்கள் இப்போது எங்கே? தனியாக ஒரு செய்தி அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று நூறாவது தடவையாகச் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

அந்த அலுப்பு நியாயமானது. திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு அவர்களையே ஒரு முறை விரிவாக எழுதச் சொல்லி, அவர்கள் பெயரோடு நிலையான பக்கமாக வையுங்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தால் கொஞ்சம் அனுபவம் உள்ள வேறொருவர் அதிலிருந்து எடுத்துச் சொல்லலாம். கைதேர்ந்தவர்களைக் கடினமான கேள்விக்கு மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "யாராவது சொல்லுங்களேன்" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "அக்கா, உங்க வீட்டில் முருங்கை தொட்டியில்தானே இருக்கு, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றால் அன்றைக்கே பதில் வரும்.

கேள்வி சரியில்லாததாலும் பதில் வராமல் போகும். "செடி சாகுது, ஹெல்ப்" என்பதற்கு என்ன சொல்ல முடியும்? கேள்விப் பெட்டியிலேயே நாலு வரி வெளிர் எழுத்தில் இருக்கட்டும்: ஊர், பையின் அளவு, வெயில், ஒரு படம். இதைப் படிவமாக்கிக் கட்டாயப்படுத்தினால் பலர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அறிகுறி: அதே ஐந்து பேர்தான் எப்போதும்

இதில் ஓரளவு இயல்பு. இணையக் குழுமங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு நிற்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். மௌன வாசகர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் படித்துப் பயனடைகிறார்கள், அதுவும் குழுமத்தின் வேலைதான்.

பார்க்க வேண்டியது வேறு. கேள்வி வந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஐவரில் ஒருவர் முழுப் பதிலையும் எழுதிவிடுகிறாரா? அப்படியானால் ஆறாவது ஆளுக்கு எழுத இடமே இல்லை. எளிய கேள்விகளை மாலை வரை விட்டுவைக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பாக, காரணத்தோடு கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். இழைக்குள் அவர்களுக்குள்ளேயே ஓடும் பழைய கிண்டல்களையும் பாருங்கள். வெளியாளுக்கு அது அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

அறிகுறி: ஒரு சண்டைக்கு அப்புறம் அமைதி

நோட்டில் உள்ள எண்களைப் பின்னோக்கிப் பாருங்கள். சரிவு தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய இழை இருக்கும். அரசியலோ சாதியோ, பஞ்சகவ்யமா யூரியாவா என்பதுகூடவோ காரணமாக இருந்திருக்கலாம். சண்டை போட்டவர்கள் இருவர். அதைப் பார்த்துக்கொண்டிருந்து சத்தமில்லாமல் விலகியவர்கள் எத்தனையோ பேர். நாம் பேச வேண்டியது அவர்களிடம்.

பதிவுகளை ஓசையில்லாமல் அழித்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் நகர்வது நம்பிக்கையைக் கெடுக்கும். எது எல்லை மீறியது, என்ன நடவடிக்கை எடுத்தோம், இனி என்ன விதி என்று ஒரே ஒரு அறிவிப்பு போடுங்கள். பெயர் சொல்லி ஏச வேண்டாம். விலகியவர்களில் நாலைந்து பேருக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், என்ன சங்கடமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். பெண் உறுப்பினர்கள் கூட்டமாகப் போயிருந்தால் பொது இழையில் தெரியாத விஷயம் ஒன்று தனிச்செய்திகளில் நடந்திருக்க வாய்ப்புண்டு. அதை உடனே, கண்டிப்பாக விசாரியுங்கள்.

இன்னொன்று, சண்டை மட்டுறுத்துநர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஜூனில் ரெட்டிட் தன் ஏ.பி.ஐ.க்கு, அதாவது வெளிச் செயலிகள் தளத்தோடு இணையும் வசதிக்கு, கட்டணம் வைத்தபோது ஆயிரக்கணக்கான பிரிவுகளை அவற்றின் மட்டுறுத்துநர்களே மூடி வைத்தார்கள். அதே மாதம் நிரலர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம் வாங்காமல் உழைப்பவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் பெரிய நிறுவனமே தடுமாறுகிறது.

அறிகுறி: எல்லாரும் வாட்ஸப்புக்குப் போய்விட்டார்கள்

போகட்டும். சட்டென்று ஒரு படம் போட்டு "இது என்ன பூச்சி?" என்று கேட்க வாட்ஸப்தான் வசதி, அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. ஆனால் அங்கே புதிதாகச் சேர்கிறவருக்கு நேற்று வரை பேசியது பெரும்பாலும் தெரியாது. போன வருடம் சொன்ன நல்ல பதிலை இணையத்தில் தேடி எடுக்கவும் முடியாது. எல்லாருடைய போன் எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பது பல பெண்களுக்குப் பெரிய தடை.

அதனால் வாரம் ஒரு முறை ஒருவர் வாட்ஸப்பில் வந்த நல்ல கேள்வி பதில்களைத் தேர்ந்தெடுத்து, எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு, குழுமத்தில் இழையாகப் பதியட்டும். பிறகு அதன் சுட்டியை வாட்ஸப்பில் போடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் போனவர்கள் இந்தச் சுட்டி வழியாகத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அறிகுறி: கூகுளில் தேடி வருபவர்கள் நின்றுவிட்டார்கள்

முதலில் உங்கள் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால் தேடுபொறிக்கும் தெரியாது. பழைய இழைகளில் படங்கள் உடைந்திருந்தால் வந்தவரும் நிற்கமாட்டார்.

அதையும் தாண்டி உலகமே மாறியிருக்கிறது. 2008-இல் தொடங்கி நிரலர்களின் முதல் புகலிடமாக இருந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்த பிறகு புதிய கேள்விகள் மளமளவென்று சரிந்தன. ஆனால் புதியவர்களை நாங்கள் சரியாக வரவேற்பதில்லை என்று அந்த நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக எழுதியிருந்தது. விரட்டாமல் பதில் சொல்லும் ஓர் இயந்திரம் வந்ததும் ஜனங்கள் அங்கே போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பொதுவான கேள்விக்கு இனி உங்களைத் தேடி வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்து மொட்டை மாடியில், உப்புத் தண்ணீரில், இந்த சித்திரையில் எந்தக் கீரை தாங்கியது என்பதை வளர்த்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஊர், மாதம், படம் மூன்றும் இழையின் தலைப்பிலோ முதல் வரியிலோ வரும்படி பழக்குங்கள். இயந்திரம் எழுதிய பதிலை ஒட்டுவதைத் தடை செய்யுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அதைச் செய்தது.

அறிகுறி: பதிவுகள் உண்டு, எல்லாம் விளம்பரம்

அன்றன்றே நீக்குங்கள், புதிய கணக்குகளின் முதல் பதிவில் சுட்டிக்குத் தடை போடுங்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களம் சாட்சி. அங்கே வருவதில் பெரும்பகுதி ஸ்பேம்தான் என்று சொல்லி, 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குழுமங்கள் அதோடு இருந்த இணைப்பையே துண்டித்துவிட்டன.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது, பேசத்தான் விஷயம் இல்லை

சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசி வைத்துக்கொண்டு பழைய இலக்கியங்களை ஆளுக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். வேலை இருந்தால் அதைச் சுற்றிப் பேச்சு தானாக வரும். எங்களைப் போன்றவர்களுக்கு மாவட்ட வாரியான விதைப்புக் காலண்டர், நாட்டு விதை யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் என்று எத்தனையோ இருக்கின்றன. பரிசுப் போட்டியைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். போட்டி முடிந்தால் ஆட்களும் போய்விடுவார்கள், பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லாம் செய்தும் பலன் இல்லையென்றால்

ஒரு முழு வருடம் பொறுத்துப் பார்த்தும் மூன்று எண்களும் ஏறவில்லை என்றால் மூடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதியதைக் காப்பாற்றாமல் மூடுவதுதான் கூடாது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-இல் நிறுத்தப்பட்டன. அதற்கு முன்பே பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். தன்னார்வலர்கள் முடிந்த அளவு இறக்கிச் சேமித்தார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் வளர்ந்ததும் யாகூவில்தான். இன்று கண்ணுக்குத் தெரியாமல் போன எத்தனை நல்ல உரையாடல்கள் அங்கே இருந்திருக்கும் என்று நினைத்தால் மனது ஆறவில்லை.

ஆகவே தளத்தை உடனே இறக்காமல் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். உறுப்பினர்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து, தங்கள் பதிவுகளை எடுத்துக்கொள்ளவும் விரும்பினால் நீக்கவும் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் முழு நகலை இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கட்டும். வெளியில் வைக்கும் நகலில் தனிச்செய்தி, மின்னஞ்சல், போன் எண் இருக்கக் கூடாது. முக்கியமான இழைகளை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொன்றாகச் சேமித்துவிடுங்கள். 2000-களின் தொடக்கத்தில் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் எழுதிய மடல்கள் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் திறப்பவருக்கு வெறும் குறியீடாகத்தான் தெரியும். பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதைச் செய்யும். டொமைன் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், புதுப்பிக்க வேண்டிய தேதியையும் கணக்கு விவரத்தையும் நம்பிக்கையான இன்னொருவரிடம் இந்த வாரமே கொடுத்து வையுங்கள்.